ஐம்பது வெள்ளி அங்பாவ்

அடையாள அட்டையில் இருக்கிற என் முழுப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் ஒரு தடவை, ஓட்டுப் போடப் போகும்போது ஒரு தடவை, அவ்வளவுதான். அதனால் அன்றைக்குக் காலை கைபேசியை எடுத்ததும் ஓர் ஆண்குரல் அப்பா பெயரோடு சேர்த்து என் பெயரை நிறுத்தி நிதானமாகப் படித்தபோதே நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கிராணி. கோப்பு, சம்பளப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல் என்று எந்நேரமும் காகிதத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவள். எனக்கே தெரிந்திருக்க வேண்டும், முழுப் பெயரைப் படிக்கிறவன் கையில் ஒரு கோப்பு இருக்கும் என்று.

“ஆமா, நான்தான். யாரு?”

“அக்கா, ஒரு பழைய ஹுத்தாங் விஷயமா பேசறேன். பேங்க் லோன். நீங்க மறந்திருப்பீங்க. பரவால்ல, ஃபைல் எங்ககிட்டதான் இருக்கு.”

ஹுத்தாங் என்றால் இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், கடன். பக்கத்து மேசையில் இன்னொரு கிராணி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் சிரித்த முகத்தோடு, “அது முடிஞ்சு போன கதையாச்சே” என்று சொல்லிவிட்டு வைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு ஈடு கிடையாது. ‘யாரோ தெரியாது, ராங் நம்பர்’ என்று சொல்லியிருக்கலாம். முடிந்து போன கதை என்றால் கதை இருந்தது என்றுதானே அர்த்தம்.

கதை இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக் கடை போட்டோம். லோன் என் பெயரில். அவர் லோரி ஓட்டுகிறவர், சம்பளச் சீட்டு இல்லாதவர். எனக்குத்தான் அரசாங்கச் சம்பளம். முதல் வருஷம் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். அப்புறம் எதிரே ரோட்டைத் தோண்டினார்கள், தோண்டினார்கள், தோண்டிக்கொண்டே இருந்தார்கள். கார் நிறுத்த இடமில்லாத கடைக்கு யார் வருவார்கள்? கடையை மூடிய பிறகும் ரெண்டு வருஷம் சம்பளத்திலிருந்து கட்டினேன். கடைசியாகக் கட்டியது என் சங்கிலியை அடகு வைத்த பணம். அதற்கப்புறம் கட்ட முடியவில்லை. வங்கி ஆறேழு கடிதம் போட்டது. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது. பதினோரு வருஷம் ஒரு சத்தமும் இல்லை.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. அந்த வங்கியின் கிளை இருக்கிற தெருவில் நான் நடக்கவே மாட்டேன், சுற்றிக்கொண்டு போவேன்.

அன்று தொடங்கியதுதான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. நம்பரைத் தடுத்தால் வேறு நம்பர். சிவப்பு மையில் தலைப்புப் போட்ட கடிதங்கள் கிரில் கதவில் செருகியிருந்தன. வங்கி தன் பழைய கடன்களை மொத்தமாக ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். வாங்கியவன் வட்டியும் குட்டியுமாகச் சேர்த்து முப்பத்தோராயிரம் வெள்ளி கேட்டான். நான் வாங்கியதே பதினைந்தாயிரம். அதில் பாதிக்கு மேல் கட்டியும் இருந்தேன். அந்த ஆள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. வானொலியில் வாழ்த்து வாசிக்கிறவர் மாதிரி அக்கா, அக்கா என்றுதான் பேசுவான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். மரியாதையாகப் பேசுகிறவனிடம் என்னதான் செய்வது?

“வீட்டுக்கு வந்து நேர்ல பேசிக்கலாம் லா அக்கா. பக்கத்துல நாலு பேர் இருந்தாலும் நல்லதுதான்.”

அந்த நாலு பேர்தான் என் பயம். சரியாகச் சொன்னால் ஒன்பது பேர்.

ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் நான் கூட்டுப் பணம் பிடித்து வந்தேன். என்னையும் சேர்த்துப் பத்துப் பெண்கள், மாதம் ஆளுக்கு இருநூறு வெள்ளி. முதல் ஞாயிற்றுக்கிழமை உறையில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். சேரும் ரெண்டாயிரத்தை அந்த மாதம் முறை வருகிறவள் எடுத்துக்கொள்வாள். ஒருத்திக்கு மகளின் காலேஜ் கட்டணம், ஒருத்திக்கு மோட்டார் சைக்கிள், ஒருத்திக்குக் கூரை. முதல் மாதமே எடுத்தவள் பத்தாவது மாதம் வரை கட்டுவாள் என்பதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் கூட்டு பிடிப்பது இந்த நாட்டில் சட்டப்படி தடை. யாராவது ஏமாற்றினால் போலீசுக்குப் போக முடியாது. ஒன்பது வருஷத்தில் ஒருத்தியும் ஏமாற்றவில்லை. அத்தனைக்கும் ஒரே ஜாமீன், என் வாக்கு. உறையை வாங்கினால் நான் பிரித்துப் பார்த்ததில்லை, எண்ணியதுமில்லை. அப்படியே மைலோ டின்னில் போடுவேன். எனக்கு அதில் காசு லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் குடியிருப்பான தாமானில் நான் நடந்தால் ஒரு நடை இருந்தது. அதை இழக்க நான் தயாராக இல்லை.

“அந்தப் பொம்பளைக்கே பேங்க்ல கடன் நிக்குதாம்” என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும். அவனைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனாலோ, வீட்டில் என்னம்மா கூட்டம் என்று போலீஸ் என்னையே கேட்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வீட்டுக்குள் இருக்கும்போதும் கிரிலைப் பூட்டி வைத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்பேன், குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டு நான் இருப்பது தெரிந்துவிடுமோ என்று. என் வீட்டில் நானே திருடி.

வீட்டுக்காரர் ஜொகூரிலிருந்து லோரியோடு வந்த அன்று சொன்னேன். “பேங்குக்கு என்ன, பிள்ளை குட்டியா பட்டினி கிடக்குது? விடு லா” என்றார். சாப்பிட்டார். தூங்கிவிட்டார். அவருக்கு வாய்த்த தூக்கம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொமுட்டர் ரயிலேறிப் போனேன். என் பழைய கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். மண்டபத்தில் எனக்கு வாய்த்த வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கடிதங்களைப் புரட்டினாள்.

“கடைசியா எப்ப ஆன்டி கட்டினீங்க?”

“பதினோரு வருஷம் ஆச்சும்மா.”

“கோர்ட்ல கேஸ், தீர்ப்பு ஏதாச்சும் வந்துச்சா?”

“ஒண்ணுமே வரல.”

“அப்ப டைம் முடிஞ்சுச்சு. ஆறு வருஷம்தான் கணக்கு. இனிமே அவங்க கேஸ் போட்டாலும் நீங்க அதைச் சொன்னா போதும். அவங்களுக்கே தெரியும். அதான் கோர்ட்டுக்குப் போகாம உங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு இருக்காங்க.”

“அப்ப கடன் இல்லையா?”

அவள் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். “கடன் இருக்கு ஆன்டி. அதை வாங்கற வழிதான் அவங்களுக்கு இல்ல. ஆனா ஒண்ணு, நல்லா கேட்டுக்குங்க. ஒரு வெள்ளி கட்டினாலும் சரி, என் கடன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் சரி, அந்த ஆறு வருஷம் மறுபடியும் முதல்லேர்ந்து ஓட ஆரம்பிச்சிரும். பாயார் பண்ணாதீங்க. ஒரு காசு கட்ட வேணாம்.”

அவளே ஒரு கடிதமும் அடித்துக் கொடுத்தாள். ‘இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இனி என்னைத் தொடர்பு கொள்ள வேண்டாம்.’ கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னாள். திரும்பும் ரயில் சுபாங் தாண்டும் வரை எனக்கு ஒரே குஷி. ஷா ஆலம் வந்ததும் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. நான் வாங்கினேனே? அந்தப் பணத்தில்தானே சட்டி வாங்கினேன், மேசை வாங்கினேன்? அந்த மேசையில் ஒன்று இப்போதும் என் வீட்டுப் பின்கட்டில் துணி மடிக்க நிற்கிறது. ஏமாற்றுக்காரி மாதிரி அந்த வரிக்குக் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை. கடிதத்தை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். அதை அன்றைக்கே அனுப்பியிருந்தால் இதை எழுத வேண்டியதே வந்திருக்காது.

அந்த வருஷம் தீபாவளிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டுப் பண ஞாயிறாகவும் அமைந்தது. ரெண்டையும் சேர்த்து வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தேன். கிரிலை அகலத் திறந்து வைத்து, தெரிந்தவர், தெரியாதவர், மலாய்க்காரர், சீனர் யார் வந்தாலும் சோறு போடும் நாள் அது. அன்றைக்கு வருகிறவரை யாரென்று கேட்பது நம்மிடம் வழக்கமில்லை. கூட்டில் இருக்கும் பெண்களுக்குக் கிளம்பும்போது ஆளுக்கு ஓர் அங்பாவ் கொடுப்பேன். மயில் படம் போட்ட ஊதா உறைக்குள் பத்து வெள்ளி. ஒன்பது வருஷமாக நான் வைத்துக்கொண்ட வழக்கம்.

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். நாற்பது வயதிருக்கும், முன்வழுக்கை, புது ஜிப்பா, கையில் ஒரு டப்பா முறுக்கு. “தீபாவளி வாழ்த்துகள் அக்கா” என்றதும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஃபோனில் அக்கா, அக்கா என்கிறவன்தான். வீட்டுக்காரர் அவர் பாட்டுக்கு, “வாங்க பாஸ், உட்காருங்க, மட்டன் இருக்கு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவனுக்கு நானே பரிமாறினேன். ரெண்டாவது தடவை ரசம் கேட்டான், ஊற்றினேன். சுற்றி என் ஒன்பது பெண்களும் இருந்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து உறையை என் கையில் வைக்க, நான் டின்னில் போட, அவன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான்.

“கூட்டா அக்கா?” என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நல்லது. எல்லாரும் உங்களை நம்பித்தானே கட்டறாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது. நான் உள்ளே போய் அங்பாவ் தட்டை எடுத்தேன். அவன் பெண்களோடு வாசலில் நின்றான். இவன் வாயைத் திறக்காமல் போனால் போதும், கடவுளே, வேறொன்றும் வேண்டாம். அதைத் தவிர என் மண்டையில் எதுவும் ஓடவில்லை. என் பர்ஸில் இருந்த ஐம்பது வெள்ளி நோட்டை ஓர் உறையில் திணித்தேன். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து அவன் கையிலும் வைத்தேன். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கும்பிட்டான். போய்விட்டான்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப் வந்தது. ஐந்து மணி இருக்கும். என் மயில் உறையும் அதன்மேல் என் ஐம்பது வெள்ளி நோட்டும் படமாக இருந்தன. கீழே ரசீது: கடன் கணக்கில் பகுதித் தொகை ஐம்பது வெள்ளி நேரில் பெறப்பட்டது, நன்றி. மீதி முப்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அதைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தையும் என் கையாலேயே, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற மாதிரி, தூக்கிக் கொடுத்திருந்தேன். அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம், அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

மறுநாள் வக்கீல் பெண்ணைக் கூப்பிட்டேன். பள்ளிக் கழிப்பறைக்குள் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன்.

“கடனுக்குன்னு சொல்லியா ஆன்டி கொடுத்தீங்க?”

“இல்லம்மா. போய்த் தொலையட்டும்னு கொடுத்தேன்.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்ப அது கடனுக்குக் கட்டினது இல்ல, தீபாவளி அங்பாவ். அதையே எழுதி அனுப்புவோம். ஆனா ரசீது அவங்க கையில இருக்கு. நம்ம பக்கம் சாட்சி வேணும். அன்னிக்கு எல்லாருக்கும் அதே மாதிரி உறை கொடுத்தீங்கன்னு, கண்ணால பார்த்தவங்க யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா?”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் ஒன்பது பேர். உலகத்தில் யாருக்குத் தெரியக் கூடாது என்று நான் மூன்று மாதம் பூட்டிக்கொண்டு கிடந்தேனோ அந்த ஒன்பது பேர். அவர்கள் எதற்காக என் வீட்டில் கூடினார்கள் என்று வக்கீலிடம் மென்று முழுங்கிச் சொன்னேன். “ஆன்டி, அதை நான் கேட்கவே இல்ல. சாப்பிட வந்தாங்க. அவ்வளவுதான்” என்றாள்.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். சொல்லாமல் இருந்தால் அவன் கேஸ் போடுவான், அப்போதும் ஊருக்குத் தெரியும். சொன்னால் இப்போதே தெரியும். அதற்குள் அவன் குரலில் தேன் கொட்டியது. “ஒரு தடவை கட்டிட்டீங்க, மாசம் முந்நூறு போட்டுக்கலாமா அக்கா?” அன்றைக்கு முடிவு செய்தேன்.

பெண்களைச் சனிக்கிழமை மாலை வரச் சொன்னேன். தேநீர் போட்டேன். யாரும் குடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, லோன், சங்கிலி, பதினோரு வருஷம், முறுக்கு கொண்டுவந்த ஆள், ஐம்பது வெள்ளி. குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் பேசினாள். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. தொடக்கத்திலிருந்தே கூட்டில் இருப்பவள், என் சாவி அவளிடமும் அவள் சாவி என்னிடமும் இருக்கும். “அந்தக் கடன் நெஜந்தானா அக்கா?”

“நெஜந்தான்.”

“கட்ட வேணாமா?”

“சட்டப்படி வேணாம்.”

வக்கீல் அடித்துக் கொடுத்த சாட்சிக் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். பிறகு அவளே பேனாவை எடுத்தாள். “ஊதா உறை, மயில் படம். எனக்கும் கொடுத்தீங்க. நான் பார்த்தேன். எங்க போடணும்?” அவள் போட்டதும் எல்லாரும் வரிசையாகப் போட்டார்கள். ஒருத்தி அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். யார் முகத்திலும் ஒரு சுளிப்பும் இல்லை. சேலைக்கு அடியில் இருந்த கடிதத்தை அன்றைக்குத்தான் எடுத்தேன். ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற வரிக்குக் கீழே அவர்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன்.

எல்லாரும் போன பிறகு எதிர்வீட்டுக்காரி மட்டும் கிரில் அருகே நின்றாள். காலால் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தாள், செருப்பு அவள் கண் முன்னால்தான் கிடந்தது.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. அந்த ஆளு மறுபடி இங்க வந்தா எல்லாருக்கும் தொந்தரவு. அடுத்த மாசத்துலேர்ந்து கூட்டு என் வீட்டுல வச்சுக்கலாமா? கொஞ்ச நாளைக்கு.”

“அதுக்கென்ன, நல்ல யோசனை” என்றேன். மைலோ டின்னைக் கழுவித் துடைத்து அப்போதே அவள் கையில் கொடுத்தேன்.

என் கடிதமும் வக்கீலின் கடிதமும் சாட்சிக் கடிதமும் பதிவுத் தபாலில் போயின. அதற்கப்புறம் அவன் ரெண்டு தடவை கூப்பிட்டான், பிறகு நின்றுவிட்டது. கிரிலை இப்போது பகலில் பூட்டுவதில்லை. வங்கி இருக்கிற தெருவில்கூட ஒரு நாள் நடந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர், “நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்கிறார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, எல்லாருக்கும் முன்னால் நான்தான் போனேன். எதிர்வீடுதான், பத்து அடி. அப்படியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொருத்தியும் உறையைக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கி, பிரிக்காமலே டின்னில் போட்டாள், நான் செய்த மாதிரியே. கடைசியில் என் உறையை நீட்டினேன். பேச்சுவாக்கில் அவள் அதைப் பிரித்தாள், விரலை நாக்கில் தொட்டாள், நாலு ஐம்பது வெள்ளி நோட்டையும் ஒவ்வொன்றாக எண்ணினாள். நாலாவதை எண்ணும்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“சரியா இருக்கா?” என்று கேட்டேன்.